கன்றுப்பாய்ச்சலில் ஒரு முளை

கோகல் மலைக்கு ஏறுவது பெரிய காரியமில்லை. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து கிளம்பினால், உச்சியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு, மாலைக் காப்பிக்குக் கீழே வந்துவிடலாம். ஆனால் தூரம் குறைந்த மலைகள் அந்தக் குறையைச் செங்குத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். ஏரியை விட்ட முதல் அடியிலிருந்து உச்சிச் சிலுவை வரை, நின்று மூச்சு வாங்கச் சமதளம் என்று ஓர் இடம் கிடையாது. நின்றால் சரிவில்தான் நிற்கவேண்டும்.

அந்தப் பாதையை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவள் நோட்புர்கா. ஊரில் புர்கல் என்பார்கள். பனி உருகியதும் முதல் ஆளாக ஏறுவாள். விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்குவாள், மழை அரித்த இடங்களுக்குக் கல் முட்டுக் கொடுப்பாள், பாறைகளில் மங்கிய சிவப்பு வெள்ளைக் கோடுகளை மறுபடி தீட்டுவாள். கூலி கிடையாது. மலைச் சங்கம் வருடத்துக்கு ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு ஜோடிக் கையுறையும் கொடுக்கும். ஒரே ஓர் அதிகாரம் உண்டு. பாதை சரியில்லை என்று பட்டால் அடிவாரத்தில் இரண்டு கழிகளைக் குறுக்காகக் கட்டி மூடிவிடலாம். குறுக்குக் கழியைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. வழக்கம்தான்.

அவள் அந்த வேலைக்கு வந்ததும் மலைமேல் இருந்த ஆசையால் அல்ல. அவள் புருஷன் அலோயிஸ் ஒரு குளிர்காலத்தில் அடுத்த பள்ளத்தாக்குக்கு, பனிச்சறுக்கு லிஃப்ட்டில் வேலை பார்க்கப் போனான். பனி உருகியது, லிஃப்ட் நின்றது, அவன் வரவில்லை. அங்கேயே டிக்கெட் கொடுக்கிற ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதற்கப்புறம் ஊரில் புர்கலைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். பரிவாகத்தான். ஆனால் பரிவோடு ஒதுங்கிப் போகிறவர்களும் ஒதுங்கித்தான் போகிறார்கள். அந்த ஆண்டு சங்கக் கூட்டத்தில் கோகல் பாதையை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டபோது எல்லாரும் பீர் கோப்பையைப் பார்த்தார்கள். புர்கல் கையைத் தூக்கினாள். ஒரு வருஷமாக யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டதும் கை தானாக எழுந்தது.

வார நாட்களில் அவளுக்குப் பால் சங்கத்து நிலவறையில் வேலை. சக்கரம் சக்கரமாக அடுக்கிய சீஸை ஒவ்வொன்றாக இறக்கி, உப்புத் தண்ணீரில் துடைத்து, புரட்டி வைக்கவேண்டும். உள்ளே வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல சீஸ் கெட்டியாகப் பதில் சொல்லும். வெடித்தது பேச்சுக்கிடையில் தடுமாறுகிறவனைப் போலச் சத்தம் போடும். இந்தப் பழக்கத்தை அவள் மலைக்கும் கொண்டுபோனாள். பாறையில் அறைந்திருக்கும் இரும்பு முளைகளைத் தட்டினாள். இறுகிய முளை மணி போல் ஒலிக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து தளர்ந்துபோன முளை பொத்தென்று ஒலிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்ததா என்றால், பாதி இருந்தது. மீதிப் பாதியை ஓர் ஆகஸ்ட் மாதம் கொண்டுபோயிற்று. உச்சிக்குக் கீழே ஒரு பெரிய பாறையில் விரிசல் கண்டு, அது விழும் என்று சொல்லி, அந்த மாதம் முழுக்கப் பாதையை மூடிவைத்தாள். நல்ல வெயில் மாதம். ஏரிக்கரை விடுதியில் பாதி அறை காலி. இலையுதிர் காலத்தில் ஒரு நிபுணர் வந்து அளந்து பார்த்தார். ஆயிரம் வருஷத்து விரிசல், இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும் என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் பூட்டு என்று பெயர். பூட்டு புர்கல். கடைசியில் புர்கல் போய்ப் பூட்டு மட்டும் நின்றது.

நான் சொல்லவந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம் நடந்தது. உச்சியில் இருந்த பழைய சிலுவை இடி விழுந்து கருகிவிட்டது. புதிதாக ஒன்று செய்தார்கள், லார்ச் மரத்தில். விடுதி முதலாளி கீலியன் மரம் கொடுத்தான். மலைச் சங்கத் தலைவனும் அவன்தான். புர்கலோடு ஒரே வகுப்பில் படித்தவன். சிலுவையை ஹெலிகாப்டரில் ஏற்றி நட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உச்சியில் பூசை. பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பார். ஊர் பேண்டு வாத்தியங்களைச் சுமந்துகொண்டு ஏறும்.

வியாழக்கிழமை மாலை புர்கல் பாதையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனாள். மேல்பாதியில் ஓர் இடத்துக்குக் கன்றுப்பாய்ச்சல் என்று பெயர். என்றோ ஒரு கன்று அங்கே பாய்ந்து ஏரிக்கே போய்விட்டதாம். கால் வைக்க ஒரு சாண் அகலப் பாறை விளிம்பு. கைக்குப் பிடியாகப் பாறையில் ஒரு கம்பிவடம், மூன்று முளைகளில். அவள் தட்டினாள். முதல் முளை மணி. மூன்றாவது மணி. நடுமுளை பொத்தென்றது.

இறங்கி வந்ததும் நேராக விடுதிச் சமையலறைக்குள் போனாள். கீலியன் ஞாயிற்றுக்கிழமை சூப்பில் போடும் உருண்டைக்காகப் பழைய ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்.

“கன்றுப்பாய்ச்சல்ல நடுமுளை செத்துப்போச்சு, கீலியன்.”

“செத்துப்போச்சுன்னா? கையோட வந்துடுச்சா?”

“இல்ல. நிக்குது. தட்டினா சத்தம் வரல.”

“ஆடுதா?”

“ஆட்டிப் பாத்தேன். ஆடல.”

“அப்ப நிக்குதுன்னு சொல்லு.”

“ஒருத்தர் பிடிச்சா நிக்கும். ஞாயித்துக்கெழம ஊரே அதுல தொங்கப்போவுது.”

கீலியன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “புர்கல், போன மாசம் இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போன?”

அவள் கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“காதுக்கு மெஷின் பாக்கத்தானே? பால் சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல.”

“அது இடது காது. நான் வலது காதால கேட்டேன்.”

“சரி. பாறைக்கு வலது காது. சீஸுக்கு எந்தக் காது?”

அடுப்படியில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புர்கல் அதைப் பார்க்காதவள்போல் இருந்தாள்.

“ட்ரில் மெஷினக் குடு. புது முளை அடிச்சுட்டு வரேன்.”

“அடிச்சா? முளைய ஒட்டற பசை காய ரெண்டு நாள், ஈரப்பாறைன்னா நாலு நாள். இத எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான். அப்புறம் அந்த மெஷினத் தூக்கிட்டு ஒத்தையில அங்க தொங்குவியா, உன் தோள்பட்டைய வெச்சுக்கிட்டு?”

“ரோமெட்டை அனுப்பு.” ரோமெட் கீலியனின் மருமகன், கைவேலை தெரிந்தவன்.

“ரேடியோல மூணு நாள் வெயில்னு சொல்லிட்டான். இந்த மூணு நாள்ல புல்லை அறுத்துக் காயவைக்காம எவன் மலை ஏறுவான்? நீயே சொல்லு.”

அது நியாயம்தான். இந்த ஊரில் மூன்று நாள் வெயில் என்றால் சாவுக்குக்கூடத் தள்ளிப்போட்டுத்தான் மணி அடிப்பார்கள்.

“அப்படின்னா மூடறேன்.”

“மூடு. அந்த ஆகஸ்ட் மாதிரி மூடு.” அவன் ரொட்டித் துண்டுகளைக் கையால் கூட்டினான். “சிலுவைக்குத் தண்ணி யாரு தெளிக்கறது? காக்காவா?”

அன்று இரவே அவள் கழிகளைக் குறுக்காகக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது கழிகள் இல்லை. விடுதியின் விறகு அடுக்கின்மேல் அருகருகே வைத்திருந்தது. ஆத்திரத்தில் பிடுங்கி எறிந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறைத்திருக்காது. ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தது. கட்டியிருந்த கயிறும் சுருட்டி மேலே.

அடிவாரத்தில் நின்று எல்லாரையும் தடுக்கலாம் என்று ஒரு கணம் யோசித்தாள். கழிகளுக்கு ஊர் கட்டுப்படுவது கழிகள் பேசாததால். பேசுகிற பெண்பிள்ளைக்கு என்ன கட்டுப்பாடு? சிரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடுவார்கள். அவள் வீட்டுக்குப் போய், வழக்கம்போல் சுத்தியலை இடுப்பில் செருகி, மலையேறும் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏரியின்மேல் மூட்டம் கலையாதபோதே ஏறத் தொடங்கினாள்.

கன்றுப்பாய்ச்சலில் நடுமுளைக்கு மேலே, எட்டிப்பிடிக்கிற தூரத்தில், பாறையிலேயே முளைத்த கொம்பு ஒன்று உண்டு. மலையோடு பிறந்தது. அதில் கயிற்றைச் சுற்றி, மறுநுனியை முளைக்குப் பக்கத்திலேயே கம்பிவடத்தில் இழுத்துக் கட்டினாள். இப்போது வடத்தைத் தாங்குவது கொம்பு. முளை பேருக்கு நிற்கிறது. மீதிக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, விளிம்புக்கு மேலே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஏறிவருகிறவன் கண்ணுக்கு, விழுந்துவிடக் கூடாதே என்று கிழவி ஒருத்தி தன்னைக் கட்டிவைத்துக்கொண்டிருப்பதுபோல்தான் தெரியும்.

கொடியோடு ரோமெட் முதலில் வந்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். பிறகு பேண்டுக்காரர்கள், தொப்பியில் இறகும் முதுகில் வாத்தியமுமாக. ஒருத்தன், “டிக்கெட் எங்க வாங்கணும், பூட்டு?” என்றான். பின்னால் வந்தவன், “இவனுக்குப் பாதி டிக்கெட் போதும், பாதி தூரம்தான் வருவான்,” என்றான்.

சாமியார் வியர்த்து வந்து சேர்ந்தார். புதியவர், இளைஞர், சமவெளிக்காரர். மரம் முளைக்காத உயரத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மரியாதைச் சொல் கிடையாது. டாக்டரும் நீதான், கலெக்டரும் நீதான்.

“பாத்துக் காலை வெய், சாமி. கீழ பாக்காத. கம்பியப் பிடி, என்னப் பிடிக்காத.”

“நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க? மேல வரலயா?”

“எனக்கு இங்கயே பூசை.”

அவர் சிரித்துக்கொண்டே கடந்தார். நல்ல மனுஷன் என்று அவளுக்குப் பட்டது. அதனாலேயே அவர்மேல் கோபமும் வந்தது.

ஆட்கள் போகப் போகப் புர்கலின் உள்ளே ஒன்று வளர்ந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். யாராவது விழட்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் ஒரு முளை அசையட்டும், ஒருத்தன் முகம் வெளுக்கட்டும், அந்த வெளுத்த முகத்தோடு திரும்பி அவளைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்புக்கும் விழட்டும் என்பதற்கும் நடுவே எத்தனை விரற்கடை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் கைகள் இன்னும் ஒருமுறை முடிச்சை இழுத்து இறுக்கின. மனம் ஒன்று கேட்டது, கை வேறொன்று செய்தது. மனிதர்களில் அநேகர் இப்படித்தான் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

பேண்டுக்காரர்களில் கடைசியாக வென்டலின் வந்தான். ஊரிலேயே பருமனான ஆள், முதுகில் ஊரிலேயே பெரிய குழல். விளிம்பின் நடுவில் கால் வழுக்கியது. ஆள், குழல், தொப்பி எல்லாம் சேர்ந்து கம்பிவடத்தில் தொங்கின. கயிறு விண்ணென்று இழுபட்டது, முடிச்சு முனகியது. அவள் கொம்பைப் பார்த்தாள். கொம்பு அசையவில்லை. வடமும் ஒரு விரல்கூடத் தாழவில்லை. வென்டலின் கால்களைத் தேடி எடுத்து விளிம்பில் வைத்தான். கொஞ்ச நேரம் பாறையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு வடத்தைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினான்.

“கல்லு மாதிரி நிக்குதே, பூட்டு. இதுக்கா மூடின?”

மேலே போனவர்கள் சிரித்தார்கள். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள்.

“நிக்குது,” என்றாள் புர்கல்.

வேறென்ன சொல்வது? நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி. நடக்காத விபத்துக்கு ஒருவரும் சாட்சியில்லை. தடுத்தவனுக்கே சில சமயம் சந்தேகம் வரும், தடுக்காவிட்டாலும் நடந்திருக்காதோ என்று. அவளுக்கும் வந்தது. இடது காது போனவளுக்கு வலது காது மட்டும் எத்தனை நாள்? முளை நன்றாகவே இருந்து, இந்தக் கயிறுதான் வீணோ?

உச்சியில் குழல்கள் முழங்கின. காற்று பாதிப் பாட்டை ஏரிப்பக்கம் கொண்டுபோயிற்று. பூசை முடிந்து, சாராயம் சுற்றிவந்து, எல்லாரும் இறங்கினார்கள். ஏறும்போது இருந்த பயம் இறங்கும்போது இல்லை, வடம் நிற்கும் என்று தெரிந்துவிட்டது. ஒருத்தன் வேண்டுமென்றே தொங்கிக் காட்டினான்.

கீலியன் கடைசி ஆளாக வந்தான், தலைவனுக்கு அதுதான் வழக்கம். விளிம்பின் நடுவில் நின்றான். அவன் கண் புர்கலின் இடுப்பிலிருந்து கயிற்றோடு போனது, கொம்புக்குப் போனது, கொம்பிலிருந்து கம்பிவடத்துக்கு வந்தது. விரலால் கயிற்றைச் சுண்டினான். தந்திபோல் அதிர்ந்தது. அவன் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. அவள் காத்திருந்தாள். அவனிடமிருந்து ஒரு சொல் வந்திருந்தால், அது வசவாக இருந்தாலும், அவளுக்குப் போதும்.

“அவுக்கும்போது பாத்து அவுத்துக்க,” என்றான். இறங்கிப் போய்விட்டான்.

சத்தமெல்லாம் காட்டுக்குள் அடங்கிய பிறகு அவள் எழுந்தாள். தன்னை மட்டும் கொம்போடு கட்டிக்கொண்டு, வடத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து, முழு எடையையும் பின்னால் சாய்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி சாய்ந்தாள். உள்ளே எங்கோ மணல் அரைபட்ட மாதிரி ஒரு நறநறப்பு. வடம் தொளதொளத்து வெளியே வீசியது. அவளும் அதோடு விளிம்புக்கு அப்பால் வீசப்பட்டு, இடுப்புக் கயிற்றில் தொங்கி, திரும்பிப் பாறையில் மோதினாள். கீழே ஏரி பச்சையாக இருந்தது. முளை வடத்தின் வளையத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம், வேர்வரை ஈரம், துருவும் சேறுமாக.

முழங்கையில் ரத்தம் வழிய, அவள் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளைப்போலச் சந்தோஷமான ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

முளையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பாதிக் காடு வந்தபோதுதான், கையில் இருப்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அந்த இடத்தில் தனியாக இருந்தது யார்? அவள். இடுப்பில் சுத்தியலோடு இருந்தது யார்? அவள். மூடவேண்டும் என்று அடம்பிடித்தது யார்? நிரூபணம் கிடைத்துவிட்டது. ஆனால் யார் கையில் கிடைத்தால் செல்லாதோ, சரியாக அவர் கையில்.

இருந்தாலும் போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. விடுதித் தோட்டத்தில் பேண்டு இரண்டு பாட்டுக்கு நடுவே குடித்துக்கொண்டிருந்தது. முளையைக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தாள்.

“என்ன இது?” என்றான் வென்டலின்.

“நீ தொங்கினது.”

அவன் அதைத் தொடாமல் பார்த்தான். “யாரு பிடுங்கினது?”

“நான்.”

“எதால?”

“கையால. பின்னால சாஞ்சேன், வந்துடுச்சு.”

“இடுப்புல சுத்தியலத் தொங்கவிட்டுக்கிட்டு, கையாலங்கற.” மேஜை முழுக்கச் சிரிப்பு. பகையான சிரிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

“நீங்க எல்லாரும் நின்னது என் கயித்துல. கொம்புலேருந்து கட்டியிருந்தேன்.”

“அது நீ உன்னக் கட்டிக்கிட்ட கயிறு. நாங்கதான் பாத்தமே.”

“கீலியனும் பாத்தான். அவனக் கேளுங்க.”

கீலியன் தட்டுகளோடு வந்து நின்றிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தட்டுகளை வைத்துவிட்டு, முளையை எடுத்துத் திருப்பினான். விரலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தான், மேலங்கியில் துடைத்தான்.

“கயிறு இருந்துச்சு,” என்றான். “எதுக்குன்னு நான் கேக்கல.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

சாமியார் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “உக்காருங்க. உங்க கையில அடிபட்டிருக்கு. நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க.” ஏரிமட்டத்துக்கு வந்துவிட்டால் எல்லாரும் மறுபடி நீங்கள்தான். அந்த மரியாதை, கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசுவதுபோல் இருந்தது. அவள் உட்காரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, கீலியனே அடிவாரத்தில் கழிகளைக் குறுக்காகக் கட்டினான். ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரோமெட்டும் இன்னும் இருவரும் புல்லை அப்படியே விட்டுவிட்டு மேலே போய் முளைகளை அடித்தார்கள். ஒன்றல்ல, மூன்றையும் புதிதாக. பாதை ஒரு வாரத்தில் திறந்தது. புர்கல் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. அவள் பெயரைத் தவிர எல்லாம் சரியாகிவிட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவளுக்கு வழியனுப்பு. விலகுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, உடல்நிலை காரணமாக விலகுகிறாள் என்று கீலியன் சொன்னான். எந்த உடல்நிலை என்று சொல்லாமல் தன் காதை லேசாகத் தடவிக்கொண்டான், அது அவனுக்கே தெரிந்திருக்காது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பிரம்புக்கூடையில் பரிசு வைத்திருந்தார்கள். மேலே அன்னாசி, நடுவே சாராயம், அடியில் கால் சக்கரம் சீஸ். அந்தச் சீஸைத் துடைத்துப் புரட்டியது அவள்தான். தோல் நிறத்தைப் பார்த்ததும் எந்த அடுக்கு என்றுகூடத் தெரிந்தது.

“ஒரு வார்த்தை பேசு, புர்கல்,” என்றார்கள்.

“பாதையப் பாத்துக்கங்க,” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

புதுப் பாதைக்காரன் ரோமெட். அவன் உடனே வரவில்லை. கோடை முழுக்கப் போனது. மாடுகள் மலையிலிருந்து இறங்கி, முதல் உறைபனி விழுந்த பிறகு ஒரு மாலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயின்ட் டப்பா, எழுத்து தீட்டும் தகடு, அரம், கையுறை எல்லாவற்றையும் அவள் முன்பே பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள். வாசலிலேயே கொடுத்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றான்.

“வேற என்ன?”

“உச்சிக்குக் கீழ அந்த ஏணி இருக்கில்ல.”

“இருக்கு.”

“அதோட முளைங்கள நானும் தட்டித் தட்டிப் பாக்கறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துச் சொன்னான். “அதுல எது?”

புர்கலின் கை கதவுப்பிடியில் இருந்தது. பேசாமலேயே இருந்துவிடலாம். ஒருவரும் குறை சொல்லமுடியாது, செவிடான கிழவி, வேலையிலிருந்து விலகினவள். அடுத்த கோடையில் யாராவது அந்த ஏணியில் தொங்கினால் ஊர் அவளை நினைக்கும். அன்றைக்கே சொன்னாளே என்று நினைக்கும். அந்த நினைப்பு எவ்வளவு இனிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“வலது பக்கம், கீழேருந்து ரெண்டாவது,” என்றாள். “இடது பக்கம் மேல கடைசி. அது இந்தக் குளிரத் தாங்காது.”

அவன் உதட்டை அசைத்து இரண்டையும் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பெருந்தன்மை என்று இதைச் சொல்லமுடியாது. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது எப்படி என்று அந்த வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

“நான் வந்து கேட்டேன்னு மாமாகிட்ட…”

“சொல்லமாட்டேன்.”

“நன்றி, புர்கல்.”

“அதையும் மாமா இல்லாத எடத்துலதான் சொல்ற,” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.